பீரோவுக்குள் இருக்கும் பாடம்: பாடத்திட்டம் மாறும்போது ஆசிரியர் கைக்கு எது வந்து சேர்கிறது?

தமிழ்நாட்டில் பாடத்திட்டம் மாறும்போதெல்லாம் பேச்சு ஒரே இடத்தில்தான் சுற்றும். புத்தகத்தில் எதைச் சேர்த்தார்கள், எதை எடுத்தார்கள், பாடம் அதிகமா குறைவா என்பதோடு முடிந்துவிடும். அது தேவையான பேச்சுதான். ஆனால் உசிலம்பட்டிப் பக்கமோ கொட்டாம்பட்டிப் பக்கமோ ஒரு தொடக்கப் பள்ளியில் காலை வழிபாடு முடிந்து வகுப்புக்குள் நுழையும் ஆசிரியருக்கு அதைவிட அவசரமான கேள்வி உண்டு. இந்தப் பாடத்தை நடத்த என்ன கொடுத்திருக்கிறார்கள்? கொடுத்தது இப்போது கைக்கு எட்டுமா?

பல பள்ளிகளில் எட்டுவதில்லை. அதற்காகப் பொருளே இல்லை என்று சொல்லிவிட முடியாது. மதுரை மாவட்டத்தின் 13 ஒன்றியங்களில் எந்த அரசுத் தொடக்கப் பள்ளிக்குப் போனாலும் தலைமையாசிரியர் அறையில் பெரும்பாலும் ஓர் இரும்பு பீரோ இருக்கும். உள்ளே கணிதப் பெட்டி, அறிவியல் பெட்டி, சுருட்டி வைத்த நிலவரைபடங்கள், உலக உருண்டை, கட்டுப் பிரிக்காத கதைப் புத்தகங்கள். வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு திட்டத்தின் பேரில் வந்தவை. காகிதத்தில் அந்தப் பள்ளி எல்லா வசதியும் பெற்ற பள்ளி.

பள்ளிக்கு வந்த பொருள் பாடவேளைக்கு வராமல் போவதற்கு ஆசிரியரின் அக்கறையின்மைதான் காரணம் என்று அதிகாரிகள் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். நான் அதை ஏற்கவில்லை. நம் நிர்வாகம் பொருளைப் பத்திரமாக வைத்திருப்பதை ஆசிரியரின் கடமையாகவும், அதைப் பயன்படுத்துவதை அவருடைய விருப்பமாகவும் அமைத்திருக்கிறது. கடமை தவறினால் கேள்வி வரும். விருப்பம் இல்லாவிட்டால் யாரும் கேட்கப்போவதில்லை. இப்படி ஓர் ஏற்பாட்டில் பீரோ பூட்டியே இருப்பதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

இது இன்று நேற்று வந்த கதையும் இல்லை. 1986ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையை அடுத்து 1987இல் கரும்பலகைத் திட்டம் வந்தது. ஒவ்வொரு தொடக்கப் பள்ளிக்கும் குறைந்தது இரண்டு அறை, இரண்டு ஆசிரியர், கூடவே கரும்பலகை, வரைபடம், விளையாட்டுப் பொருள், அறிவியல் பெட்டி என்று ஒரு தொகுப்பு. நாடு முழுக்கப் போன அந்தப் பெட்டிகளில் பல திறக்கப்படாமலே கிடந்தன என்பது பின்னால் திட்டத்தை ஆராய்ந்தவர்கள் திரும்பத் திரும்பக் குறிப்பிட்ட விஷயம். உடைந்துவிடுமோ, தொலைந்துவிடுமோ என்ற பயம்.

அந்தப் பயம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். பள்ளிக்கு வரும் ஒவ்வொரு பொருளும் இருப்புப் பதிவேட்டில் ஏறுகிறது. தலைமையாசிரியர் மாறுதலில் போகும்போது பதிவேட்டில் உள்ளதைப் பொருள் பொருளாக எண்ணி அடுத்தவரிடம் ஒப்படைக்க வேண்டும். தணிக்கையில் குறைந்தால் விளக்கம் எழுத வேண்டும், சில சமயம் கையிலிருந்து பணம் கட்ட வேண்டும். ஓய்வு பெறும் ஆண்டில் இது இன்னும் கடுமை. நிலுவையின்மைச் சான்று இல்லாமல் ஓய்வூதியக் கோப்பு நகராது. உடைந்ததைக் கழிவு செய்ய, அதாவது பதிவேட்டிலிருந்து நீக்க, வழி இருக்கிறது. ஆனால் அதற்குக் கடிதம், பார்வை, அனுமதி என்று போகும் தூரம் அதிகம். ஆறு வயதுக் குழந்தை கையாண்டால் ஒரு பொருள் தேயும், ஒரு துண்டு தொலையும். தொலைய வேண்டும் என்றுகூடச் சொல்வேன், பயன்பட்டதற்கு அதுதான் அடையாளம். பதிவேட்டுக்கோ அது குறைபாடு. புதிதாகவே இருக்கும் பெட்டிதான் கணக்கில் நல்ல பெட்டி.

இந்தக் கட்டமைப்பை உண்மையாகவே உடைத்துப் பார்த்த முயற்சி ஒன்று தமிழ்நாட்டில் நடந்தது. அதுதான் செயல்வழிக் கற்றல். ஆந்திரத்தின் ரிஷிவேலி பள்ளியின் முறையைப் பார்த்து 2003 வாக்கில் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007-08இல் மாநிலம் முழுக்க 1 முதல் 4ஆம் வகுப்பு வரை கொண்டுவந்தார்கள். பாடம் முழுவதும் அட்டைகளாகப் பிரிந்தது. ஒவ்வோர் அட்டைக்கும் ஒரு சின்னம், சுவரில் ஒரு கற்றல் ஏணி. குழந்தை தான் எந்தப் படியில் நிற்கிறோம் என்று பார்த்து, தட்டிலிருந்து தானே அட்டையை எடுத்துக்கொண்டு குழுவில் போய் உட்காரும். கரும்பலகைகூடக் குழந்தையின் உயரத்துக்கு இறங்கியது. ஆசிரியர் தரையில், பாயில். அந்த முறையின் பலன்களைப் பற்றி இருபக்கமும் வாதம் உண்டு. நான் இங்கே கவனிக்கச் சொல்வது ஒன்றைத்தான்: கற்பிக்கும் பொருள் பூட்டுக்கு வெளியே வந்தது. பொருள் திறந்த அலமாரியில் இல்லாவிட்டால் வகுப்பே நடக்காது என்ற நிலைமையை அந்த முறை உண்டாக்கியது.

அதன் பலவீனமும் அதிலேயே இருந்தது. ஏணியில் ஒரு படிக்கான அட்டை காணாமல் போனால் அந்தப் படியில் நிற்கும் குழந்தை நின்றபடி நிற்க வேண்டியதுதான். அட்டை கிழியும் வேகத்துக்கு மாற்று அட்டை வர வேண்டும். முதல் விநியோகத்துக்கு இருந்த உற்சாகம் மறுவிநியோகத்துக்கு இருப்பதில்லை. இதைத் திட்டம் போடுகிறவர்கள் இன்றுவரை ஒரு பிரச்சினையாகவே எடுத்துக்கொள்ளவில்லை என்பது என் கருத்து.

சமச்சீர்க் கல்வி வந்த விதம் வேறொரு பாடம். மாநிலப் பாடத்திட்டம், மெட்ரிகுலேஷன், ஆங்கிலோ இந்தியன், ஓரியண்டல் என்று நான்காக இருந்ததை ஒன்றாக்கும் சட்டம் 2010இல் வந்தது. அந்தக் கல்வியாண்டில் 1, 6ஆம் வகுப்புகளுக்குத் தொடங்கியது. 2011இல் மற்ற வகுப்புகளுக்கும் புத்தகம் அச்சாகிக் காத்திருந்தபோது ஆட்சி மாறி, சட்டத்திருத்தம் வந்து, வழக்கு உயர் நீதிமன்றத்துக்கும் உச்ச நீதிமன்றத்துக்கும் போனது. பள்ளி திறந்தது ஜூனில். தீர்ப்பு வந்தது ஆகஸ்ட் 9ஆம் தேதி. இடைப்பட்ட வாரங்களில் புத்தகம் கிடங்கில் இருந்தது, பிள்ளைகள் வகுப்பில் இருந்தார்கள், ஆசிரியர் நடுவில் நின்றார். புத்தகம் கைக்கு வந்த பிறகும் சில பக்கங்களின் மேல் ஸ்டிக்கர் ஒட்டும் வேலை ஆசிரியர்கள் தலையில் விழுந்தது. பாடநூல் என்ற அடிப்படைப் பொருளே கிடைக்காத அந்த நாள்களில் பாட்டு, கதை, கணக்கு விளையாட்டு, பழைய பாடங்களை நினைவுபடுத்துவது என்று கையில் இருந்ததை வைத்து வகுப்பை நடத்தியவர்கள் ஆசிரியர்கள்தான். அவர்களிடம் திறமை இருக்கிறதா என்ற சந்தேகம் உள்ளவர்கள் அந்த மாதங்களை நினைத்துப் பார்க்கலாம்.

அப்புறம் 2018. கல்வியாளர் மு.அனந்தகிருஷ்ணன் தலைமையிலான குழு வழிகாட்ட, 1, 6, 9, 11ஆம் வகுப்புகளுக்குப் புதிய பாடநூல்கள் வந்தன. அடுத்த ஆண்டு மற்ற வகுப்புகளுக்கு. பக்கத்துக்குப் பக்கம் வண்ணப்படம், கியூஆர் கோடு, இணையச் செயல்பாடு. நல்ல புத்தகங்கள், சந்தேகமே இல்லை. ஆனால் கியூஆர் கோடு என்பது பாதிப் பொருள்தான். மீதிப் பாதி ஆசிரியரின் சொந்த போன், சொந்த டேட்டா, முப்பது பிள்ளைகளுக்கு ஒரு சின்னத் திரை. மேல்நிலை வகுப்பு ஆசிரியர்களுக்குச் சிக்கல் வேறு மாதிரி. பத்தாண்டுகளுக்கும் மேலாக மாறாமல் இருந்த 11, 12ஆம் வகுப்புப் பாடங்களுக்கு அவர்கள் சேர்த்து வைத்திருந்த குறிப்புகள் ஒரே ஜூனில் பழசாகிவிட்டன. புதிய பாடத்தின் ஆழத்துக்குத் துணைநூல் வேண்டும். பள்ளி நூலகத்தில் அது இருக்காது. அந்த இடைவெளியை யார் நிரப்பினார்கள் என்றால் கைடு போடுகிறவர்கள். கைடை வைத்துப் பாடம் நடத்துகிறார்கள் என்று குறை சொல்பவர்கள், அந்த வேகத்தில் வேறு எது அவர்கள் மேசைக்கு வந்தது என்று கேட்பதில்லை.

2023 ஜூலை 15ஆம் தேதி மதுரை புதுநத்தம் சாலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் திறந்தது இந்த வகையில் பெரிய விஷயம். போட்டித்தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளைப் போலவே முதுகலை ஆசிரியர்களுக்கும் அது பயன்படும் இடம். ஆனால் சேடப்பட்டியிலோ டி.கல்லுப்பட்டியிலோ வேலை பார்ப்பவருக்கு அது விடுமுறை நாள் பயணம். அடுத்த பாடவேளைக்கு உதவாது.

இனி எண்ணும் எழுத்தும். இன்றைய தொடக்கப் பள்ளியைப் புரிந்துகொள்ள இதைத்தான் கூர்ந்து பார்க்க வேண்டும். கொரோனாவில் பள்ளிகள் மூடிக் கிடந்த இழப்பை ஈடுகட்ட 2022 ஜூன் 13ஆம் தேதி தொடங்கினார்கள். எட்டு வயதுக்குள் எல்லாக் குழந்தைகளும் எழுதப் படிக்க, அடிப்படைக் கணக்குப் போட வேண்டும் என்பது குறிக்கோள். முதலில் 1 முதல் 3ஆம் வகுப்பு வரை, அடுத்த ஆண்டில் 4, 5ஆம் வகுப்புகளும் சேர்ந்தன. வகுப்பில் உள்ள பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலையால் பிரித்தார்கள். ஆசிரியருக்குக் கையேடு, பிள்ளைக்குப் பயிற்சி நூல், வகுப்பறையில் பாட்டுக்கும் கதைக்கும் படிப்புக்கும் தனித்தனிக் களங்கள், மதிப்பீடு செயலியில்.

இதில் வந்த பொருள்களில் முழுமையாகப் பயன்பட்டது எது என்று எந்த ஆசிரியரைக் கேட்டாலும் பயிற்சி நூலைத்தான் காட்டுவார். காரணம் எளிது. அது பிள்ளைக்குச் சொந்தம். எழுதினால் தீரும், கிழிந்தால் கேள்வி இல்லை, திருப்பி ஒப்படைக்கத் தேவையில்லை. பதிவேட்டின் நிழல் அதன்மேல் விழுவதில்லை. அதே ஆண்டுகளில் வாசிப்பு இயக்கத்தின் மெல்லிய கதைப் புத்தகங்கள், நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிநிலைகளில் வந்தன. சிறு பிள்ளைகள் உண்மையிலேயே விரும்பும் புத்தகங்கள். பிள்ளை கையில் தாராளமாகக் கொடுத்த பள்ளிகளில் அவை கசங்கி, முனை மடங்கிக் கிடக்கின்றன. எண்ணிக்கை குறையக் கூடாது என்று நினைத்த பள்ளிகளில் இன்னும் புத்தம் புதிதாக இருக்கின்றன. ஒரே புத்தகம், ஒரே ஊர்ப் பிள்ளைகள். இடையில் நிற்பது கணக்கு மட்டுமே.

ஆனால் பயிற்சி நூலின் வெற்றிக்கு ஒரு விலை இருக்கிறது. எந்த நாளில் எந்தப் பக்கம், எந்தப் பக்கத்துக்கு எந்தச் செயல்பாடு என்பது கையேட்டில் முன்கூட்டியே முடிவாகிவிடுகிறது. பார்வைக்கு வரும் அதிகாரியும் பக்கம் முடிந்திருக்கிறதா என்றுதான் பார்க்கிறார். அரும்பு நிலைப் பிள்ளைக்கு இன்னும் நான்கு நாள் புளியங்கொட்டை வைத்து எண்ண வேண்டும் என்று ஆசிரியருக்குத் தெரிந்தாலும் பக்கம் காத்திருக்காது. ஆக நம்மிடம் இருப்பவை இரண்டு வகைப் பொருள்கள். ஆசிரியரின் முடிவுக்கு இடம் விடும் பொருள் பீரோவுக்குள் பூட்டிக் கிடக்கிறது. பிள்ளை கைக்குத் தாராளமாக வரும் பொருள் ஆசிரியரின் முடிவை எடுத்துக்கொள்கிறது. இரண்டுக்கும் நடுவில் மூன்றாவது வகை, அதாவது ஆசிரியர் தானே தேர்ந்து பயமில்லாமல் கையாளக்கூடிய பொருள், மிகக் குறைவு. 2022 நவம்பரில் தொடங்கிய வானவில் மன்றத்தில் கருத்தாளர்கள் அறிவியல் பொருள்களை நடுநிலைப் பள்ளிகளுக்கே எடுத்துவந்து செய்துகாட்டுகிறார்கள். பிள்ளைகள் கண் விரியப் பார்க்கிறார்கள். ஆனால் அவர்கள் போனதும் பொருளும் போய்விடுகிறது. அடுத்த வாரம் அதே சோதனையை மறுபடி செய்து காட்ட அறிவியல் ஆசிரியரிடம் ஒன்றும் மிஞ்சுவதில்லை.

நேரத்தையும் ஒரு வளமாகச் சேர்க்க வேண்டும். ஈராசிரியர் பள்ளி ஒன்றை எடுத்துக்கொள்வோம். மதுரையைச் சுற்றி இப்படிப்பட்ட பள்ளிகளுக்குப் பஞ்சமில்லை. கல்வி உரிமைச் சட்டப்படி 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள்தான். ஐந்து வகுப்பு, இரண்டு பேர். அதில் ஒருவர் தலைமையாசிரியர். காலை உணவுத் திட்டம், மதிய உணவு, எமிஸ் என்ற பள்ளித் தகவல் இணையதளத்தில் வருகைப் பதிவு, விலையில்லாப் பொருள்களின் கணக்கு, கேட்டவுடன் அனுப்ப வேண்டிய புள்ளிவிவரம் எல்லாம் அவர் வழியாகத்தான். பயிற்சிக்கு ஒருவர் வட்டார வள மையத்துக்குப் போனால் ஐந்து வகுப்பும் மற்றவர் தலையில். ஒரு செயல்பாட்டுக்குப் பொருளைத் தேடி எடுத்து, பரப்பி வைத்து, முடிந்ததும் எண்ணி அடுக்கப் பாடவேளையில் கால்வாசி போய்விடும். பக்கத்து அறையில் இரண்டு வகுப்புகள் காத்திருக்கும்போது அதை யார் செய்வார்கள்?

பயிற்சியும் படிப்படியாக இறங்கி வருவது. மாநில அளவில் கருத்தாளர்கள், பிறகு மாவட்டம், பிறகு ஒன்றியம். மதுரை மாவட்டத்தின் ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனம் தென்மேற்கு மூலையில் டி.கல்லுப்பட்டியில் இருக்கிறது. கொட்டாம்பட்டி மறு கோடியில், திருச்சி சாலையில். பொருளைத் தொட்டுச் செய்துபார்க்க வேண்டிய பயிற்சி, ஒவ்வொரு படி இறங்கும்போதும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரையில் ஓடும் விளக்கமாகச் சுருங்கிவிடுகிறது. பல சமயம் அச்சிட்ட கையேடு வருவதற்கு முன்பே பி.டி.எஃப். வாட்ஸ்அப்பில் வந்துவிடுகிறது.

மதுரைப் பக்கத்தில் இன்னொரு சிக்கல், பள்ளிகள் பல துறைகளின் கீழ் இருப்பது. ஒன்றியப் பள்ளி, மாநகராட்சிப் பள்ளி, ஆதிதிராவிடர் நலப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி, இவற்றோடு உசிலம்பட்டி, செக்கானூரணி வட்டாரங்களில் கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள். சில சமூகங்களையே பிறவிக் குற்றவாளிகளாக முத்திரை குத்திய குற்றப்பரம்பரைச் சட்டத்தை எதிர்த்துப் பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3ஆம் தேதி உயிரிழந்தவர்களின் நினைவோடு சேர்ந்தது அந்தப் பள்ளிகளின் வரலாறு. இன்று அவை பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோர் நலத்துறையின் பொறுப்பில் இருக்கின்றன. 2023 நிதிநிலை அறிக்கையில் இவற்றைப் பள்ளிக் கல்வித் துறையோடு இணைப்பதாக அறிவித்தபோது இந்தப் பக்கம் எதிர்ப்பு எழுந்ததற்கு அந்த வரலாறே காரணம், அதில் நியாயமும் உண்டு. ஆனால் வகுப்பறைக் கணக்கில் பார்த்தால், பாடத்திட்டமும் பயிற்சியும் ஒரு துறையிலிருந்து, பணியிடமும் கட்டடமும் வேறொரு துறையிலிருந்து வருகின்றன. காலியிடம் நிரம்பாத பள்ளிக்குப் பயிற்சி நூல் மட்டும் நேரத்துக்கு வந்து என்ன பயன்? உதவி பெறும் பள்ளியில் திட்டத்தின் எந்தப் பொருள் தங்களுக்கு உண்டு, எது இல்லை என்பதே திட்டத்துக்குத் திட்டம் மாறும்.

பணத்துக்கு வருவோம். அனைவருக்கும் கல்வி இயக்கக் காலத்தில் கற்றல் கற்பித்தல் உபகரணம் செய்துகொள்ள ஓர் ஆசிரியருக்கு ஆண்டுக்கு 500 ரூபாய் கொடுத்தார்கள். சின்னத் தொகைதான். ஆனால் சார்ட், வண்ணத்தாள், தெர்மாகோல், மணி, நூல் என்று ஆசிரியர் தான் நினைத்ததை வாங்கித் தானே செய்யலாம். பிறகு அது நின்றுபோனது. அந்த இயக்கத்துக்குப் பதிலாக 2018இல் வந்த மத்திய அரசின் சமக்ர சிக்ஷா திட்டத்தில் பள்ளிக்கு ஒட்டுமொத்த மானியம் என்று ஒன்றுதான். 30 பிள்ளைகள் வரை உள்ள பள்ளிக்கு ஆண்டுக்கு 10,000 ரூபாய். 100 வரை 25,000. அதில் குறைந்தது பத்தில் ஒரு பங்கு தூய்மைப் பணிக்கு. மீதியில் மின்சாரம், சாக்பீஸ், பதிவேடு, குழாய், சிறு பழுது எல்லாம். குழாயும் சார்ட்டும் போட்டி போட்டால் குழாய்தான் ஜெயிக்கும், அது சரியும்கூட. மத்திய அரசின் மாதிரிப் பள்ளித் திட்டமான பி.எம்.ஸ்ரீயில் சேர மறுத்ததற்காக 2024-25இல் சமக்ர சிக்ஷாவில் தமிழ்நாட்டுக்கு வர வேண்டிய 2,152 கோடி ரூபாயை மத்திய அரசு நிறுத்தி வைத்தபோது நிலைமை இன்னும் மோசமானது. சமக்ர சிக்ஷாவில் பணியாற்றுவோரின் சம்பளமே கேள்வியானது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. கொள்கைச் சண்டையில் யார் பக்கம் நியாயம் என்பது ஒருபுறம் இருக்கட்டும், அதற்கான விலையை ஒன்றாம் வகுப்புப் பிள்ளை கொடுக்கக் கூடாது.

மதுரை ஆசிரியருக்கு வேறு எந்த ஊரிலும் கிடைக்காத வளமும் உண்டு. புதிய வரலாற்றுப் பாடத்தில் கீழடி வருகிறது. அந்த இடம் நகரத்திலிருந்து 12 கிலோமீட்டர்தான், 2023 மார்ச்சில் அருங்காட்சியகமும் திறந்துவிட்டது. தமிழி என்ற பழந்தமிழ் எழுத்தைப் படத்தில் காட்டும் ஆசிரியர் மாங்குளத்துப் பாறையில் நேரிலேயே காட்டலாம். சமணத்துக்குக் கீழக்குயில்குடி, பல்லுயிரியலுக்கு மாநிலத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமான அரிட்டாபட்டி, விடுதலைப் போராட்டத்துக்குத் தமுக்கம் பக்கத்துக் காந்தி அருங்காட்சியகம். இவை எந்த இருப்புப் பதிவேட்டிலும் இல்லை, தேய்ந்துபோகவும் மாட்டா. ஆனால் பிள்ளைகளை அழைத்துப்போக அனுமதி, வாகனம், பெற்றோர் ஒப்புதல், பாதுகாப்புப் பொறுப்பு என்று எல்லாம் ஒரே ஆசிரியர் மேல் ஏறும்போது, அரிட்டாபட்டியை அடுத்த ஊர்ப் பள்ளியிலேயே அந்தப் பாடம் படத்தோடு முடிந்துவிடுகிறது.

2025 ஆகஸ்ட் 8ஆம் தேதி மாநிலக் கல்விக் கொள்கை வெளியானது. 11ஆம் வகுப்புப் பொதுத்தேர்வும் கைவிடப்பட்டது. அதற்கேற்பப் பாடநூல் மறுபடி மாறும், மறுபடி பெட்டிகள் வரும். அந்தப் பெட்டிகளோடு சில சின்ன விதிகளும் வர வேண்டும் என்று கேட்கிறேன். குறிப்பிட்ட மதிப்புக்குக் கீழ் உள்ள கற்பித்தல் பொருளை நுகர்பொருள் என்று அறிவித்து, ஆண்டுக்கு இவ்வளவு தேய்மானம் இயல்பு என்று எழுதிக் கொடுக்கலாம். ஆசிரியர் பெயரில் தனியாக ஒரு தொகையை மறுபடி கொடுக்கலாம், 500 ரூபாய் இன்று போதாது. பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டத்தில் அரை நாளை, ஆசிரியர்கள் தாங்கள் செய்த பொருள்களைக் கொண்டுவந்து மாற்றிக்கொள்ள விடலாம். பார்வைக்கு வருபவர் எத்தனைப் பக்கம் முடிந்தது என்று கேட்பதற்குப் பதில் எந்தப் பொருள் உடைந்தது, எப்படி உடைந்தது என்று கேட்டாலே போதும், பீரோ திறக்க ஆரம்பிக்கும்.

அரசாணை வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர்தான் பெரும்பான்மை. மானியத்தை எப்படிச் செலவு செய்வது என்று அங்கேதான் தீர்மானம் போடுகிறார்கள். அதே கூட்டத்தில் கதைப் புத்தகங்களும் கணிதப் பெட்டியும் பிள்ளைகள் கையில் தேய்ந்தவை, தொலைந்தவை எவை என்று பருவத்துக்கு ஒருமுறை பார்த்துப் பட்டியல் எழுதி, குழுத் தலைவர் கையெழுத்துடன் பதிவேட்டில் ஒட்டலாம். கழிவு செய்யும் அதிகாரம் மேலே இருப்பவர்களிடம்தான் இருக்கும். ஆனாலும் தணிக்கைக்காரர் முன் தலைமையாசிரியர் தனியாக நிற்க வேண்டியிருக்காது.